சைப்ரஸில் இருக்கும் நம்மவர்களுக்கு: கறிவேப்பிலைக் கன்றைப் பெட்டியில் கொண்டுவராதீர்கள்

நிக்கோசியா, லிமசோல், லார்னகா, பாஃபோஸ் பக்கம் வீட்டு வேலைக்கும் மற்ற வேலைகளுக்கும் வந்திருக்கும் அக்கா, அண்ணன், தம்பிகளுக்கும், தீவைக் கிரேக்கர் வாழும் தெற்காகவும் துருக்கியர் வாழும் வடக்காகவும் பிரிக்கும் பச்சைக்கோட்டுக்கு அந்தப்பக்கம் வடக்கே படிக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

இந்தக் கடிதம் ஒரு செடியைப் பற்றியது. ஊருக்குப் போய்த் திரும்பும்போது, வேரில் ஈரத்துணி சுற்றி, அதன் மேல் பாலித்தீன் கவர் கட்டி, சேலைகளுக்கு நடுவே படுக்கவைத்துக் கொண்டுவருகிறோமே, அந்தக் கறிவேப்பிலைக் கன்று. தயவுசெய்து அதைக் கொண்டுவராதீர்கள். காரணம் சொல்லாமல் இப்படிக் கேட்டால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஆசை புரியாமல் சொல்லவில்லை. இங்கே மேடம் வீட்டில் தங்கி வேலை செய்பவர்களுக்கு வாரத்தில் ஞாயிறு ஒரு நாள்தான் சொந்த நாள். 2023-ல் இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோது அதில் வீட்டு வேலைக்காரர்களைச் சேர்க்கவில்லை, அவர்களுக்குத் தனிக் கணக்கு, அதுவும் மிகக் குறைந்த கணக்கு. பிங்க் ஸ்லிப் என்கிற தங்கும் அனுமதிச் சீட்டு கையில் வரும்வரை ஒரு பயம், வேலை மாறவேண்டும் என்றால் பழைய முதலாளி விடுவித்துத் தரும் ரிலீஸ் பேப்பருக்கு அலைச்சல். இப்படி இருக்கும் ஒருத்திக்குப் பால்கனி மூலையில் ஒரு தொட்டி, அதில் நான்கு கொத்து கறிவேப்பிலை, கிள்ளிப்போட்டால் பருப்பில் ஊர் வாசனை, இதைப் போய் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை. செடி வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. பெட்டியில் வருகிற கன்று வேண்டாம் என்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு, கீழே சொல்கிறேன்.

கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பத்துச் செடி. அதன் தளிரில் சிட்ரஸ் சில்லிட் என்கிற ஒரு பூச்சி முட்டையிடும். மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும், பழுப்பு நிறம், தலையைக் கீழே வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும், அந்த உட்காரும் விதத்தை வைத்தே அடையாளம் சொல்லிவிடலாம். குஞ்சுகள் தட்டையாக, மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் தளிர் இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும், வெள்ளை மெழுகு நூல் நூலாக வெளியே வரும். ஊரில் இது புதிதல்ல, கறிவேப்பிலைத் தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த பூச்சி, அதன் குஞ்சில் முட்டையிட்டு அழிக்கும் குட்டிக் குளவியும் அங்கேயே இருக்கிறது. முட்டை அவ்வளவு சின்னது, விரியாத தளிருக்குள் ஒளிந்திருக்கும், நாம் கன்றை எவ்வளவு கழுவித் துடைத்துச் சுற்றினாலும் கண்ணில் படாது.

பூச்சி இலையைச் சுருட்டுவது பெரிய விஷயமே இல்லை. அது சுமக்கிற கிரீனிங் நோய்தான் பயங்கரம். அது ஒரு பாக்டீரியா. நோயுள்ள ஆரஞ்சு மரத்தில் சாறு உறிஞ்சிய பூச்சி அடுத்த மரத்தில் உட்கார்ந்தால் அந்த மரமும் போச்சு. ஒரு கிளை மஞ்சளாகும், பழம் ஒருபக்கமாகக் கோணி, அடிப்பக்கம் பச்சையாகவே நின்று, கசக்கும், சில வருடங்களில் மரம் பட்டுவிடும். மருந்து கிடையாது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1998-ல் பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது, 2005-ல் நோய். 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த மாநிலத்தில், இருபது வருடம் கழித்து 2 கோடிப் பெட்டிகூட இல்லை. புயல்களும் ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் இந்த நோய்.

இந்தப் பூச்சி 2023-ல் சைப்ரஸிலும் கண்டறியப்பட்டுவிட்டது. எந்த வழியாக வந்தது என்று நான் யார்மேலும் கை நீட்டவில்லை. ஆனால் பூச்சி ஏற்கெனவே இருக்கிற இடத்துக்கு நோயும் வந்து சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதுதான் இப்போதைய கவலை. பெட்டியில் வரும் ஒரு கன்றில், நோயுள்ள எலுமிச்சைத் தோட்டத்திலிருந்து பறந்துவந்த ஒரு பூச்சி இருந்தால் போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் வெளியிட்ட, மிக ஆபத்தான 20 பயிர்ப் பகைகளின் பட்டியலில் கிரீனிங் நோயும் இருக்கிறது.

இந்தத் தீவில் எலுமிச்சையும் ஆரஞ்சும் என்ன என்பதை ஒருநாள் வெளியே கிளம்பிப் போய்ப் பாருங்கள். லிமசோலுக்கு மேற்கே ஃபசூரி பக்கம் பஸ்ஸிலோ நண்பர் காரிலோ போனால், காற்றுக்குத் தடுப்பாக நட்ட சைப்ரஸ் என்கிற வகை மரங்கள் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உயர்ந்து மேலே கூடி நிற்கும், அவற்றுக்குப் பின்னால் ஆரஞ்சுத் தோட்டங்கள். வசந்தத்தில் பூ வாசனை காருக்குள் வந்து நிறையும். தீவில் நான் போன இடங்களில் எனக்கு ரொம்பப் பிடித்த ரோடு அதுதான், ட்ரோடோஸ் மலையைவிடக்கூட.

வடக்கே மோர்ஃபு இருக்கிறது, துருக்கி மொழியில் குசெல்யுர்ட். தீவின் பெரிய ஆரஞ்சுப் பகுதிகளில் ஒன்று, ஆண்டுதோறும் ஆரஞ்சுத் திருவிழா நடக்கும் ஊர். என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், பப்பூ என்றுதான் கூப்பிடுவேன், இங்கே தாத்தாவை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் மோர்ஃபுக்காரர். 1974-ல் துருக்கிப் படை வந்தபோது குடும்பத்தோடு தெற்கே ஓடிவந்தவர். 2003 ஏப்ரலில் முதல்முறையாக எல்லைச் சாவடிகளைத் திறந்தபோது போய்ப் பார்த்திருக்கிறார், அப்பா நட்ட மரங்களில் பாதி நின்றிருந்தனவாம். இங்கே அவர் வீட்டு முற்றத்தில் ஒரே ஒரு எலுமிச்சை மரம். காலையில் கத்தரிக்கோலோடு வந்து, பழத்தைக் காம்போடு வெட்டி, துணியில் துடைத்து, மதில்மேல் வரிசையாக வைத்துவிட்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். பழத்தைப் பிடித்து இழுத்தால் அவருக்குக் கோபம் வரும், காம்பு கிழிந்தால் பழம் அழுகும் என்பார்.

மோர்ஃபுவில் இன்று பயிர் செய்பவர்களிலும் பலர் ஊர் இழந்தவர்கள்தான். பாஃபோஸ், லிமசோல் கிராமங்களை விட்டு அதே காலத்தில் வடக்கே போன துருக்கி சைப்ரஸ் குடும்பங்கள். ஏற்கெனவே அங்கே கிணற்றுநீரை அளவுக்குமேல் உறிஞ்சிக் கடல்நீர் உள்ளே ஏறி, தோட்டங்கள் உப்பில் கஷ்டப்பட்டுக்கொண்டிருக்கின்றன. 2015-ல் துருக்கியிலிருந்து கடலுக்கடியில் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். தண்ணீரைக் குழாயில் கொண்டுவரலாம், இந்த நோய்க்கு அப்படி எந்த வழியும் இல்லை. இரண்டு பக்கத்திலும் இவ்வளவு இழந்தவர்களிடம் மிச்சமிருக்கும் மரங்கள் நம் சாம்பாருக்காகப் போகவேண்டுமா? நாம் இவர்கள் தீவில் வந்து பிழைக்கிறோம்.

அப்புறம் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பரிமாற்றம். நிக்கோசியா முனிசிபல் பூங்காவில் டிபன் கேரியர் திறந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு பைகளிலிருந்து கறிவேப்பிலைக் கொம்புகள் வெளியே வரும், "அக்கா, இதை நட்டுப்பாருங்க" என்று. அன்பாகத்தான் கொடுக்கிறோம். ஆனால் ஒரு பால்கனியில் இருக்கும் பூச்சி அந்தக் கொம்போடு தீவு முழுக்கப் போய்விடும். நிக்கோசியாவின் லெட்ரா தெரு எல்லைச் சாவடி வழியாக வடக்கே போகிறவர்களும் இதையே செய்கிறார்கள். வடக்கே இருக்கும் எர்ஜான் விமான நிலையத்தில் வந்திறங்கிய பிள்ளைகள் இந்தப்பக்கம் வர முடியாது, பிங்க் ஸ்லிப் உள்ள நாம்தான் அந்தப்பக்கம் போய்ப் பார்க்கவேண்டியிருக்கிறது. கடைவீதியில் இரண்டு சாவடிக்கும் நடுவே இருக்கும் அந்தச் சிறு தூரத்தைக் கடந்து, பூயுக் ஹான் என்கிற பழைய சத்திரத்தின் முற்றத்தில் ஒரு டீ குடித்து, கொண்டுபோன பொடியையும் ஊறுகாயையும் கொடுத்துவிட்டு வருகிறோம். பொடி கொண்டுபோங்கள். செடியும் மண்ணும் வேண்டாம், போகும்போதும் வேண்டாம், வரும்போதும் வேண்டாம். பச்சைக்கோட்டைத் தாண்டித் தெற்கே வரும் செடிகொடிக்குத் தனியாகப் பரிசோதனையும் சான்றும் வேண்டும் என்று 2004 முதலே விதி இருக்கிறது.

விமான நிலையத்துக்கும் விதி தெளிவு. 2019 டிசம்பர் 14 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரும் செடி, விதை, பழம், காய், பூ எதற்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்தே பழங்களுக்கு: அன்னாசி, தேங்காய், டுரியன், வாழை, பேரீச்சை. பச்சைக் கறிவேப்பிலைக் கட்டும் இதில் மாட்டும். வறுத்து அரைத்த பொடியாகக் கொண்டுவாருங்கள், அதுதான் நல்லது.

சரி, செடிக்கு என்ன வழி? இங்கே ஏற்கெனவே வளர்ந்து பழம் விடும் கறிவேப்பிலைகள் இருக்கின்றன. விதையில் இந்தப் பூச்சி வராது. அதனால் கொம்பு கொடுக்காமல் பழம் கொடுங்கள். கறுத்துப் பழுத்ததும் பறித்து, சதையை நீக்கி, கொட்டையைக் கழுவி உடனே ஊன்றிவிடவேண்டும், காயவைத்து டப்பாவில் வைத்தால் முளைக்காது. குளிர்காலத்தில் நிக்கோசியாவில் இரவு நேரம் கன்று நடுங்கிப்போகும், இலை கொட்டும், பயப்படாதீர்கள், தெற்குப் பார்த்த சுவரோரம் வைத்துத் தண்ணீரைக் குறைத்தால் ஏப்ரலில் துளிர்த்துவிடும். இங்குள்ள மண் சுண்ணாம்பு மண், அதனால் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்துக் குறைவு, கடையில் இரும்பு உரம் கேட்டு வாங்கி ஊற்றினால் சரியாகும்.

எலுமிச்சை, ஆரஞ்சு இலையில் மஞ்சள் கண்டால் நடு நரம்பின் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரேமாதிரி மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் சத்துக்குறைவு. ஒருபக்கம் ஒருமாதிரி, மறுபக்கம் வேறுமாதிரி திட்டுத்திட்டாக இருந்தால் சந்தேகப்படவேண்டும்.

கறிவேப்பிலையை மட்டுமே நினைத்து ஏங்கவும் வேண்டாம், நம் சமையலுக்கு ஆகிற எத்தனையோ இந்த மண்ணிலேயே விளைகிறது. ஃபமகூஸ்தா மாவட்டத்துச் சோதீரா கிராமத்தின் செம்மண்ணில் விளையும் கொலொகாசி வேறொன்றும் இல்லை, நம் சேப்பங்கிழங்குதான். அதை இவர்கள் கத்தியால் முழுசாக வெட்டமாட்டார்கள், கத்தியைக் கொஞ்சம் இறக்கித் திருகி, படக்கென்று உடைத்தெடுப்பார்கள், அப்போது வழவழப்பு வராது. கழுவுவதும் இல்லை, துடைத்து மட்டும் போடுவார்கள். நானும் இப்போது புளிக்குழம்புக்கு அப்படித்தான் செய்கிறேன், நன்றாகவே வருகிறது. பருப்புக்கீரை கோடையில் தானாகவே முளைக்கும். பாஃபோஸ் பக்கம் வாழைத் தோட்டம் இருக்கிறது. வடக்கே மொலேஹியா என்று சணல் கீரையை விரும்பிச் சமைக்கிறார்கள். வெண்டை, கத்தரி, மிளகாய் எல்லாம் தொட்டியிலேயே காய்க்கும்.

இரண்டு பக்கத்து விவசாயத் துறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை, யாராவது மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். நிக்கோசியாவின் சாக்கடையை 1970-களின் கடைசியில் இரண்டு பக்கத்து மேயர்கள், லெல்லோஸ் டெமெட்ரியாடெஸும் முஸ்தபா அகின்ஜியும், அரசியல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று சேர்ந்து கட்டினார்கள், இன்றும் இரு பக்கத்துக் கழிவுநீரும் ஒரே நிலையத்துக்குப் போகிறது. இதற்கும் அப்படிச் சேருங்கள். சாவடிகளிலும் விமான நிலையத்திலும் தமிழ், சிங்களம், இந்தி, நேபாளியில் படத்தோடு அறிவிப்பு வையுங்கள். பூச்சியைப் பார்த்தேன் என்று ஒருத்தி போன் செய்தால் அவளிடம் விசாவைப் பற்றிக் கேட்காதீர்கள். கேட்பீர்கள் என்று தெரிந்தால் அவள் செடியைப் பிடுங்கி ராத்திரியில் குப்பைத்தொட்டியில் போட்டுவிடுவாள், பூச்சி பக்கத்து மரத்துக்குப் பறந்துவிடும்.

நம்மவர்களே, உங்கள் தொட்டியில் அப்படிப் பூச்சி தெரிந்தால் செடியை இடம் மாற்றாதீர்கள், கிளையை ஒடித்து யாரிடமும் காட்டக் கொண்டுபோகாதீர்கள். போனில் கிட்டத்தில் படம் எடுத்து விவசாயத் துறைக்கு அனுப்புங்கள். மொழி கஷ்டமாக இருந்தால் மேடத்தையோ, நம் சாமான் விற்கும் கடைக்காரரையோ பேசச் சொல்லுங்கள். என் செடியில் இந்த வருடம் காய் பிடித்திருக்கிறது. பழுத்ததும் ஒரு ஞாயிறு பூங்காவுக்குக் கொண்டுவருகிறேன், வேண்டியவர்கள் ஈரமான டிஷ்யூ பேப்பரும் சின்ன டப்பாவும் எடுத்துவாருங்கள், அன்றே வீட்டுக்குப் போய் ஊன்றிவிடுங்கள்.