பதினோராவது ஆட்டம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினி விளையாட்டுகளின் வழியே மனிதனைப் போன்ற செயற்கை நுண்ணறிவு உருவாகிவருவதாகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் உழைத்திருக்கிறார், சந்தேகமில்லை. ஆனால் ஜெயித்ததையும் மனிதனைப் போல் ஆடியதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்.

கூகுளின் சகோதர நிறுவனமான டீப்மைண்டின் ஆல்ஃபாஸ்டார் என்ற நிரல், படைகளை நடத்திப் போரிடும் ஸ்டார்கிராஃப்ட் 2 விளையாட்டில் தொழில்முறை வீரர்கள் இருவரைப் பத்துக்குப் பத்து என வென்ற செய்தி 2019 ஜனவரியில் வெளியானது. கட்டுரை அதோடு நின்றுவிடுகிறது. அன்று நேரலையில் பதினோராவது ஆட்டம் ஒன்றும் நடந்தது. முதல் பத்திலும் அந்த நிரலுக்குத் தன் படைகள் கண்ட இடமெல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது. மனிதரோ திரையை நகர்த்தி நகர்த்தித்தான் பார்க்க வேண்டும். அந்தச் சலுகை இல்லாத நிரலோடு மோதியபோது, தோற்ற இருவரில் ஒருவரான போலந்து வீரர் மானா ஒரு பறக்கும் ஊர்தியில் சில போர் எந்திரங்களை ஏற்றிப் போய் எதிரியின் பாசறையில் இறக்கினார். சண்டைக்குக் கிளம்பிய படை மொத்தமும் திரும்பி ஓடிவந்தது. உடனே ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டார். அது மறுபடி கிளம்ப, இவர் மறுபடி இறக்கினார். பேரன் அந்தக் காணொளியைக் காட்டியபோது, மொட்டைமாடியில் வடகத்துக்குக் காவலாகக் கம்போடு காக்கை விரட்டிய என் பாட்டிதான் நினைவுக்கு வந்தாள். அவளாவது இரண்டாம் முறையே ஒரு பிள்ளையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவாள். கடைசியில் மானாதான் வென்றார்.

அதே ஆண்டு அக்டோபருக்குள் ஆல்ஃபாஸ்டார் மேம்பட்டு, இணையத்தில் ஆடுவோரில் 99.8 விழுக்காட்டினரைத் தாண்டிவிட்டது என்பதை மறுக்கவில்லை. அதுவும் வெற்றிக் கணக்குதானே?

மனிதச் சாயலையே அளந்த போட்டி ஒன்று உண்டு. 2008இல் தொடங்கிய பாட்பிரைஸில், அன்ரியல் டோர்னமெண்ட் 2004 என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் மனிதரும் நிரல்களும் கலந்து ஆடினார்கள். எதிரே இருப்பது மனிதனா நிரலா என்று நடுவர்கள் கணிக்க வேண்டியிருந்தது. 2012இல் இரண்டு நிரல்கள் 52 விழுக்காடு 'மனிதன்' முத்திரை பெற்றன. நிஜ மனிதர்களின் சராசரியோ 40தான்! அதில் ஒன்றைச் செய்த டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு, குறி தவறாமல் சுட்டால் சாயம் வெளுத்துவிடும் என்று அதன் துல்லியத்துக்கு வேண்டுமென்றே கடிவாளம் போட்டிருந்தது. மற்றொன்றான மிரர்பாட், எதிரே நிற்பவர் செய்வதைப் பார்த்து அப்படியே திருப்பிச் செய்தது.

கட்டுரையின் தொடர்ச்சி அடுத்த வாரம் என்று போட்டிருக்கிறீர்கள். பதினோராவது ஆட்டத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோவில்பட்டி