அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

குர்ஆன் வசனங்களுக்குப் புது விளக்கம் சொல்வது மார்க்கத்தில் கை வைக்கிற வேலை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நானும் தினமும் ஓதுகிறவள்தான், அவர் கோபம் புரிகிறது. ஆனால் தமிழ் மொழிபெயர்ப்பில் அந்நிஸா அத்தியாயத்தின் 34வது வசனத்தை அவர் ஒரு தடவை எடுத்துப் பார்க்கட்டும். மனைவியைப் பற்றிய இடத்தில் '(இலேசாக) அடியுங்கள்' என்று போட்டிருக்கும் பதிப்பு உண்டு. அந்த 'இலேசாக' அரபி மூலத்தில் கிடையாது, காயம்படக் கூடாது என்ற ஹதீஸை, அதாவது நபிமொழியை, வைத்து முன்னோர்கள் சொன்ன விளக்கம் அது. அப்புறம் விளக்கமே கூடாது என்றால் எப்படி?

அடிமை விஷயத்தில் இதைவிட வெகுதூரம் வந்துவிட்டோம். அடிமைகளைக் குறித்து 'வலக்கரம் சொந்தமாக்கிக் கொண்டவர்கள்' என்று குர்ஆனில் பல இடங்களில் வருகிறது, அடிமைப் பெண்ணோடு எஜமானன் உறவு கொள்வதைப் பழைய ஃபிக்ஹ், அதாவது மார்க்கச் சட்டம், அனுமதித்தது, இதை மூடி மறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அதே குர்ஆன்தான் அடிமையை விடுவிப்பதைக் 'கழுத்தை விடுவித்தல்' என்கிறது (90:13), சத்தியத்தை முறித்தால் அதற்குரிய பரிகாரங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறது, கட்டாய தானமான ஸகாத்தில் அதற்கொரு பங்கு ஒதுக்குகிறது, விடுதலைப் பத்திரம் கேட்கிற அடிமைக்கு எழுதிக் கொடுத்து கையில் பணமும் கொடுங்கள் என்கிறது (24:33). துனீசியா 1846இல் அடிமைமுறையை ஒழித்தது, சவூதி அரேபியா 1962இல்தான். 2014இல் ஈராக்கில் ஐ.எஸ். தீவிரவாத அமைப்பினர் யஸீதி என்ற சிறுபான்மைச் சமூகத்துப் பெண்களை விற்றபோது, அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவருவது கூடாது என்று 120க்கும் மேற்பட்ட ஆலிம்களும் (மார்க்கம் கற்றவர்களும்) அறிஞர்களும் அவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அவர்களும் மார்க்கத்தில் கை வைத்தவர்களா?

சரி, மனைவி விஷயத்தில் மட்டும் ஏன் இந்தத் தயக்கம்? பழைய ஃபிக்ஹ் நூல்கள் நிகாஹைப் (திருமணத்தைப்) பேசும்போதும் 'மில்க்', அதாவது உடைமை, என்ற சொல்லைத்தான் எடுக்கின்றன, அடிமைக்குச் சொன்ன அதே சொல். மணப்பெண்ணுக்குரிய மஹர் தொகையைக் கொடுத்ததால் கணவனுக்கு உரிமை வந்துவிட்டது, அவள் உறவுக்கு மறுத்தால் அவளுக்குச் செலவுக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்ற கணக்கும் அந்தப் பேச்சோடு வருவதுதான். இது ஃபகீஹ்கள், அதாவது சட்ட அறிஞர்கள், தங்கள் காலத்துச் சமூகத்தை வைத்து எழுதியது, வசனம் அல்ல. வசனம் கணவன் மனைவிக்கு இடையே அன்பையும் கருணையையும் வைத்ததாகச் சொல்கிறது (30:21), ஒருவருக்கொருவர் ஆடை என்கிறது (2:187). நபி (ஸல்) எந்தப் பெண்ணையும் கையால் அடித்ததில்லை என்று அவர்கள் மனைவி ஆயிஷா (ரலி) சொல்லியிருக்கிறார்கள்.

நிகாஹ் நடத்திவைக்கிற ஆலிம்களிடம் கேட்டுக்கொள்கிறேன். மனைவி உறவுக்கு வேண்டாம் என்று சொன்னால் வற்புறுத்த உனக்கு உரிமையில்லை என்று மாப்பிள்ளையிடம் அன்றைக்கே, அவர் வாப்பா பக்கத்தில் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி