அரிக்கமேடு ரோமானியர் ஊரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

புதுச்சேரிக்கு அருகே உள்ள பழைய துறைமுகமான அரிக்கமேடு பற்றிய செய்தி என்றாலே 'ரோமானியர் குடியிருந்த ஊர்', 'மேற்கத்திய நாகரிகத்தின் கிளை' என்று எழுதிவிடுகிறார்கள். தங்கள் நாளிதழிலும் அப்படியே வந்திருந்தது. 1945-இல் அங்கே அகழாய்வு செய்த ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலரின் கருத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதால் வரும் கோளாறு இது. கிடைத்த பானை ஓடுகளை வகை பிரித்துப் பார்த்தாலே விஷயம் தெளிந்துவிடும்.

மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்த சரக்கு அங்கே உண்டு. அரிட்டைன் என்பது இத்தாலியப் பட்டறைகளின் பளபளப்பான சிவப்புத் தட்டு; சிலவற்றில் செய்தவர் பெயர் லத்தீன் எழுத்தில் முத்திரையாகக் குத்தியிருக்கும். ஆம்போரா என்பது மதுவும் எண்ணெயும் வந்த கனத்த சாடி. அதில் கிரேக்கத்தின் கோஸ் தீவு வகையைக் கைப்பிடியை வைத்தே சொல்லிவிடலாம்: இரண்டு மண் உருளைகளைச் சேர்த்து ஒட்டியதுபோல் இருக்கும். இவை மேற்கத்தியப் பொருள்கள், சந்தேகமில்லை.

வீலர் சறுக்கியது ரௌலட்டட் மண்கலத்தில். மெல்லிய சாம்பல் நிறத் தட்டு அது. விளிம்பு உள்ளே வளைந்திருக்கும், உள்தரையில் வட்ட வட்டமாகப் புள்ளி வரிகள் ஓடும். அந்த வரிகளையும் நேர்த்தியையும் பார்த்து, மேற்கிலிருந்து வந்தது என்று வீலர் நினைத்தார். பின்னால் நடந்த களிமண் ஆய்வுகள் அது இந்தியாவில் சுட்டது என்று காட்டின. மேற்கு வங்கத்தின் சந்திரகேதுகர், தாம்லுக் பகுதி மண்ணோடு ஒத்துப்போவதாக எக்ஸ் கதிர்ச் சோதனையில் தெரிந்தது. தமிழகத்தின் அழகன்குளம், இலங்கையின் அநுராதபுரம், இந்தோனேசியாவின் பாலித் தீவு வரை இதே தட்டு கிடைக்கிறது. இது வங்கக் கடல் வணிகத்தின் சரக்கு.

புள்ளி வரி போடும் உத்தி மத்தியதரைப் பக்கமிருந்து வந்திருக்கலாம் என்று தொல்லியலாளர் விமலா பெக்லி கருதினார். அப்படியே வைத்துக்கொண்டாலும், இந்தியக் குயவர் இந்திய மண்ணில் வனைந்து சுட்ட தட்டை மேற்கத்தியப் பொருள் என்பது நியாயமில்லை. பெக்லி 1989 முதல் 1992 வரை அரிக்கமேட்டில் மறுபடி தோண்டியபோது, ரோமானிய வணிகத்துக்கு முன்பே அங்கே மக்கள் வாழ்ந்தது உறுதியானது. மணி செய்த பட்டறைக் கழிவும் தமிழ்-பிராமி பொறித்த ஓடுகளும் கிடைத்ததும் அதே மேட்டில்தான்.

ஆகவே செய்தியிலும் அருங்காட்சியகக் குறிப்புகளிலும் 'ரோமானியப் பானை ஓடுகள்' என்று மொத்தமாகப் போடாமல், ஒவ்வொரு வகையும் எங்கே செய்தது, எதற்குப் பயன்பட்டது என்று தனித்தனியே எழுத வேண்டுகிறேன். ஊரைக் குறிக்க 'ரோமாபுரியோடு வணிகம் செய்த துறைமுகம்' என்றாலே போதும்.

இப்படிக்கு,
வாசகர், அரியாங்குப்பம், புதுச்சேரி