ஏலக்கூடத்தில் ஒரு பலகை வையுங்கள்

கடல்நீரைப் பரிசோதிக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன வாரம் எங்கள் மன்னார் வளைகுடாக் கரையில் பூங்கோரை என்கிற கடல் நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையானது உங்களுக்குத் தெரியும், நீங்களே வந்து பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனீர்கள். "இயற்கையா வர்றதுதான், பயப்படாதீங்க" என்றீர்கள், அதோடு சரி. அந்தத் தண்ணீரில் அம்மோனியா எவ்வளவு, நைட்ரேட் எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு? இந்த மூன்று எண்களைத்தான் கேட்கிறோம்.

என் சித்தி கூடையில் மீன் விற்பவர். அன்று அவர் எடுத்தது தூரத்துக் கடலில் பிடித்த சூடை மீன், கண் கூட மங்கவில்லை. சந்தையில் வந்தவர்கள் எல்லாம் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு "பச்சத் தண்ணி மீனாக்கா?" என்று கேட்டு நகர்ந்துபோனார்கள். மதியத்துக்குள் ஐஸ் கரைந்தது. சாயங்காலம் வீட்டு வாசலில் உட்கார்ந்து அத்தனையையும் கீறி உப்புப் போட்டார். "அதிகாரிங்க எழுதின ஒரு தாளு கையில இருந்தா காட்டியிருப்பேன் தம்பி" என்றார், வட்டிக்கு வாங்கிய பணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பூங்கோரை, அதாவது நாக்டிலூக்கா, புதிதல்ல. 2019 செப்டம்பரில் மண்டபம் பக்கம் மீன்கள் செத்து ஒதுங்கின, பவளப்பாறைகளும் பட்டுப்போயின. பூங்கோரை சின்ன உயிர்களைத் தின்று அம்மோனியாவைக் கக்குகிறது, செத்த பிறகு அதை மட்கவைக்கும் பாக்டீரியா ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது, அடியில் கிடக்கும் மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. கடலுக்குள் இதைச் சரிசெய்யும் நுண்ணுயிர்களும் இருக்கின்றன. சில அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகின்றன, வேறு சில அதை நைட்ரேட்டாக்குகின்றன, ஆக்சிஜன் இல்லாத சேற்றில் இருப்பவை நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கித் திருப்பி அனுப்புகின்றன. ஆனால் முதல் இரண்டு வேலைக்கும் ஆக்சிஜன் வேண்டும். தண்ணீர் ஏற்கெனவே மூச்சு முட்டிக் கிடக்கும்போது சுத்திகரிக்காத சாக்கடையையும் கொண்டுவந்து கலந்தால் அவை எதை வைத்து வேலை செய்யும்?

எல்லாப் பழியையும் சாக்கடை மேல் நான் போடவில்லை. காற்று, மழை, நீரோட்டம் எல்லாவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. எதற்கு எவ்வளவு பங்கு என்று தெரிய வேண்டுமானால் பூங்கோரை வராத நாளிலும் தண்ணீரை அளந்து வைத்திருக்க வேண்டும், செத்த மீன் ஒதுங்கிய பிறகு மட்டும் வந்து அள்ளினால் போதாது. ஊர் வாய்க்கால் கடலில் சேரும் இடத்தில் நின்று பாருங்கள், நுரையும் பிளாஸ்டிக்கும் ஒன்றாக வருகிறது, அதைச் சுத்திகரிக்கச் சொல்லி எத்தனை மனு கொடுத்தோம்! டீசல் மானியத்துக்கு எங்களிடம் எத்தனை காகிதம் கேட்கிறார்கள், ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்புகிறார்கள். நாங்கள் கேட்பது ஒரே ஒரு காகிதம்.

கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும். தயவுசெய்து வாரம் ஒருமுறை அந்த மூன்று எண்களையும் தமிழில் எழுதிப் போடுங்கள், மீன் எந்தக் கடலில் பிடித்தது, சாப்பிடலாமா என்பதையும் சேர்த்து. ஏலக்கூடத்து வாசலில் விலை எழுதும் பலகைக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, சாக்பீஸில் எழுதினாலும் போதும்.

இப்படிக்கு,
ஒரு நாட்டுப்படகு மீனவன்