பேர்போன ஊரும் ‘நொட்டோரியஸ்’ ஊரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்தில் ஜாப் டைப்பிங்கும் ஜெராக்ஸும் சேர்ந்த ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். இருபது வருடத்துக்கு மேலாகிறது. பயோடேட்டா, லீவ் லெட்டர், வேலைக்கு விண்ணப்பம், ஜாதகத்தோடு வைக்கும் வரன் விவரம் என்று இந்தத் தெருவில் எழுதப்படும் இங்கிலீஷில் பாதி என் விரல் வழியாகத்தான் போகிறது. அந்த உரிமையில், உங்கள் நாளிதழில் தினமும் வரும் ஆங்கிலச் சொல் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

போன மாதம் ஒரு பையன் வந்தான். கேட்டரிங் முடித்தவன். ஏதோ ஒரு ஹோட்டல் வேலைக்கு விண்ணப்பம் அடிக்க வேண்டும். கையால் எழுதிக்கொண்டு வந்திருந்த தாளில் முதல் வரியே இப்படி: ‘ஐ ஆம் ஃப்ரம் கும்பகோணம், எ டவுன் நொட்டோரியஸ் ஃபார் இட்ஸ் டெம்பிள்ஸ்.’

எனக்கு விரல் நின்றுவிட்டது. “தம்பி, நொட்டோரியஸ் வேண்டாம். ஃபேமஸ்னு போட்டுடட்டுமா?” என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. “ஃபேமஸ்னுதான் எல்லாரும் போடுறாங்கக்கா. இது பேப்பர்லயே வந்த வார்த்தை” என்று பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தான். உங்கள் பெட்டியை நாள்தோறும் வெட்டி ஒட்டி வைத்த நோட்டு. பசை காய்ந்து பக்கமெல்லாம் அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. நடுப்பக்கம் ஒன்றில் பச்சை மையால் அடிக்கோடு போட்டிருந்தான்: ‘நொட்டோரியஸ் – பேர்போன.’ அவ்வளவுதான் அச்சாகியிருந்தது.

பையன் மேல் என்ன தப்பு? தமிழில் ‘பேர்போன’ என்பதை நல்லதுக்கும் சொல்லலாம், கெட்டதுக்கும் சொல்லலாம். வெற்றிலைக்குப் பேர்போன ஊர் என்போம். விபத்துக்குப் பேர்போன வளைவு என்றும் சொல்வோம். ஆங்கிலத்தில் அந்த வளைவுதான் நொட்டோரியஸ், வெற்றிலை ஊர் இல்லை. ‘கெட்ட விஷயம் ஒன்றுக்காகப் பலருக்கும் தெரிந்த’ என்று ஒரு வரி விளக்கமும், அந்த வளைவை வைத்து ஒரு வாக்கியமும் போட்டிருந்தீர்களானால் எங்கள் ஊர்க் கோயில்கள் தப்பித்திருக்கும்.

எங்கள் தலைமுறைக்கு அகராதி என்றால் லிப்கோ. ஆங்கிலம்-ஆங்கிலம்-தமிழ். ஒரு சொல், அதற்கு ஆங்கிலத்திலேயே விளக்கம், அப்புறம்தான் தமிழ். நாங்கள் என்ன செய்வோம் என்றால், நடுவில் இருப்பதை ஒரே தாவாகத் தாவி நேரே தமிழில் போய் இறங்குவோம். பரீட்சைக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு வாக்கியம் சொந்தமாக எழுத உட்காரும்போதுதான் தாண்டி வந்த அந்த நடு வரியில் என்ன இருந்தது என்று தெரியும். உங்கள் பெட்டியில் தாண்டுவதற்குக்கூட நடு வரி இல்லை.

ஆங்கிலத்திலேயே விளக்கம் போட்டால் வாசகருக்குப் புரியாதே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் இதற்குப் பதில் எப்போதோ கண்டுபிடித்தாகிவிட்டது, அதுவும் இங்கிலாந்துப் பள்ளிக்கூடத்தில் இல்லை. டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வேலை பார்த்து, வங்காளப் பிள்ளைகள் ஆங்கிலத்தோடு படும் பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் மைக்கேல் வெஸ்ட். 1935இல் அவர் கொண்டுவந்த அகராதி, ஏறக்குறைய 24,000 சொற்களையும் சொற்றொடர்களையும் வெறும் 1,490 எளிய சொற்களைக் கொண்டே விளக்கியது. அந்த 1,490 தெரிந்தவனுக்கு மற்றதெல்லாம் திறக்கும். அடுத்து ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய அகராதி முதலில் வந்தது 1942இல், டோக்கியோவில். ஆக்ஸ்ஃபோர்டு அதை எடுத்துப் போட்டது 1948இல்தான். எந்த வினைச்சொல்லுக்குப் பின்னால் எது வரும், எது வராது என்பதையும் சேர்த்துச் சொன்னது அதன் பெருமை. வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகள் முன்னால் சாக்பீஸோடு நின்றவர்களுக்குத்தான் இதெல்லாம் தோன்றியிருக்கிறது.

எது வரும், எது வராது என்பது சின்ன விஷயம் இல்லை. பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கும் பெண் ஒருத்தி சனிக்கிழமைகளில் கடைக்கு வருவாள். அவள் எழுதிய கடிதத்தில் ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ என்று இருந்தது. ‘எக்ஸ்ப்ளெயின் டு மீ’ என்று திருத்தினேன். “மீ என்றாலே எனக்குத்தானே அக்கா? அப்புறம் டு எதுக்கு?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நம் ‘எனக்கு’வில் ‘கு’ உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதோடு ‘டெல் மீ’, ‘ஷோ மீ’, ‘கிவ் மீ’ எல்லாம் சரியாக இருக்கும்போது எக்ஸ்ப்ளெயினுக்கு மட்டும் என்ன வந்தது? எனக்கும் காரணம் சொல்லத் தெரியவில்லை. ‘விளக்கு’ என்ற தமிழ்ப் பொருளை நூறு முறை மனப்பாடம் செய்தாலும் அந்த ‘டு’ வராது. சரியான வாக்கியம் ஒன்றை நாலு தடவை பார்த்தால் வந்துவிடும். ‘டிஸ்கஸ்’ஸுக்குப் பின்னால் ‘அபௌட்’ வரக் கூடாது, ஆனால் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்றே எழுதுகிறோம். அந்தக் கதையும் இதேதான். ‘பற்றி விவாதித்தோம்’ என்கிற நம் ‘பற்றி’ கூடவே பஸ் ஏறி வந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீங்கள் எடுத்துக்காட்டு வாக்கியம் போடுகிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அதில் பாதி உப்புச்சப்பில்லாதது. தயாள குணமுள்ளவர் என்பதற்கு ‘ஹி இஸ் எ பெனவலன்ட் மேன்’ என்று ஒன்று வந்தது. அந்தச் சொல்லைக் கட்டை விரலால் மறைத்துப் பாருங்கள். அவர் உயரமானவரா, கோபக்காரரா, செவிடா? எதை வைத்தாலும் பொருந்தும். நல்ல வாக்கியம் என்றால் சொல்லை மறைத்தாலும் பொருளை ஊகிக்க முடிய வேண்டும். பணம் வாங்காமல் ஏழைகளுக்கு மருந்து கொடுத்த டாக்டரை வைத்து எழுதினால், விரலுக்குக் கீழே இருப்பது என்ன என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். இந்தக் கட்டை விரல் சோதனையை உங்கள் உதவி ஆசிரியர்கள் ஒரு வாரம் செய்து பார்க்கட்டும்.

ஆப்பிளும் பனிப்பொழிவும் வரும் வாக்கியங்கள் எதற்கு என்றும் கேட்கத் தோன்றுகிறது. ரேஷன் கடை வரிசை, கரன்ட் கட், பஸ் ஸ்டாண்டு, காவிரியில் தண்ணீர் வந்த செய்தி இவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் சொன்னால் ஆங்கிலம் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

உங்கள் வரன் பக்கத்தையும் கொஞ்சம் இழுக்கிறேன், மன்னிக்கவும். ‘ஹோம்லி’ பெண் தேவை என்று வாராவாரம் வருகிறது. நானும் எத்தனை பயோடேட்டாவில் அடித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. குடும்பப்பாங்கான பெண் என்றுதான் நாம் எழுதுகிறோம். ஒரு நாள் வாடிக்கையாளர் ஒருவர், அமெரிக்காவில் இருக்கும் தங்கை மகள் போனில் விழுந்து விழுந்து சிரித்ததாக வந்து சொன்னார். அகராதியை எடுத்துப் பார்த்தேன். பிரிட்டன்காரர்களுக்கு ஹோம்லி என்றால் எளிமையான, சொந்த வீடு மாதிரி நிறைவு தருகிற இடம். அமெரிக்காவில் ஓர் ஆளைப் பார்த்து அப்படிச் சொன்னால், பார்க்க சுமார் என்று அர்த்தம். அன்றைக்கு எனக்கு வயிற்றைக் கலக்கியது. எத்தனை பெண்களுக்கு நான் அப்படி அடித்துக் கொடுத்திருக்கிறேன்!

இடம் இல்லை என்று சொல்வீர்கள். ஐந்து சொல்லுக்குக் கொடுக்கும் இடத்தை ஒரே சொல்லுக்குக் கொடுங்கள். எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி விளக்கம், தமிழில் பொருள், இரண்டு வாக்கியம், எங்கே பயன்படுத்தக் கூடாது என்று ஒரு குறிப்பு. மாதத்துக்கு நூற்றைம்பது சொல் முப்பதாகக் குறையும். குறையட்டும். வெட்டி ஒட்டுகிறவர்களுக்குப் பசையும் மிச்சம். சொல்லைத் தேர்ந்தெடுப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். வளவளவென்று பேசுகிறவரைச் சொல்லும் ‘லோக்வேஷியஸ்’ என்று இதுவரை யாரும் என் கடையில் அடிக்கச் சொன்னதில்லை. ‘ரிக்ரெட்’, ‘இன்கன்வீனியன்ஸ்’, ‘கன்சர்ன்’ இதெல்லாம் தினமும் தப்பாக வருகிறது.

பையனுக்கு ‘ஃபேமஸ்’ என்றே அடித்துக் கொடுத்தேன். அரை மனதோடுதான் வாங்கிக்கொண்டு போனான். நான் சொல்வதைவிட நீங்கள் அச்சில் போட்டதைத்தான் நம்புகிறான். அதனால் ‘நொட்டோரியஸை’ இன்னொரு தடவை, முழுசாகப் போடுங்கள். அவன் இன்னும் உங்கள் பேப்பரை வெட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.