மெட்டில்லாமல் வாசி

பாப்பா,

நீ கேட்ட பாட்டுப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் கூடவே நாலு வார்த்தை சொல்லாமல் என்னால் இருக்க முடியாது, உனக்குத் தெரியும். அதனால்தான் கடிதம்.

சனிக்கிழமை உன் இங்கிலாந்து ஆபீஸ்காரர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, வரியைச் சொன்னால் பாட்டைக் கண்டுபிடிக்கிற விளையாட்டு வைக்கப்போகிறாய். "அவங்க ஊர்ப் பாட்டும்மா, எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கும்" என்று பயப்படுகிறாய். அவர்களுக்குப் பல்லவி தெரியும். இரண்டாவது சரணம் ஒருத்தருக்கும் தெரியாது. நீ அங்கிருந்து கேள்.

பாடிக் காட்டாதே. மெட்டு வந்துவிட்டால் வார்த்தை தானாக வந்துவிடும். ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் வாசி. பீட்டில்ஸ் குழுவின் 'ஹே ஜூட்' கூட அப்படி வாசித்தால் யாரோ ஒரு பையனுக்கு ஆறுதல் சொல்வதுபோலத்தான் கேட்கும். உண்மையும் அதுதான். குழுவில் இருந்த ஜான் லென்னனும் அவர் மனைவி சிந்தியாவும் பிரிந்த சமயம், அவர்கள் மகன் ஜூலியனை நினைத்து, அதே குழுவின் பால் மெக்கார்ட்னி 'ஹே ஜூல்ஸ்' என்று ஆரம்பித்தார். 1968-இல் இசைத்தட்டு வெளிவந்தபோது அது ஜூட் ஆகியிருந்தது.

முதல் சுற்றில், தலைப்பு பாட்டுக்குள் எங்குமே வராத பாட்டுகளைப் போடு. குயீனின் 'பொஹீமியன் ராப்சடி' ஆறு நிமிஷத்துக்கு ஐந்து விநாடிதான் குறைவு. அத்தனை நேரத்தில் தலைப்பு ஒரு தடவைகூட வராது. அதைப் பாடிய ஃப்ரெடி மெர்குரி பள்ளிக்கூடம் படித்தது மகாராஷ்டிரத்துப் பஞ்சகனியில் என்பதையும் போகிற போக்கில் சொல்லிவை. டேவிட் பவியின் 'ஸ்பேஸ் ஆடிட்டி'யை யாராவது பாட்டில் வருகிற ஆளின் பெயரை வைத்து 'மேஜர் டாம்' என்பார்கள், பாயிண்ட் கொடுக்காதே.

இந்தச் சுற்றில் என் செல்லம் 'பாபா ஓ'ரைலி', தி ஹூ என்ற குழு பாடியது, 1971. அதை எல்லாரும் 'டீனேஜ் வேஸ்ட்லேண்ட்' என்றுதான் சொல்வார்கள், பாட்டில் காதில் விழுவது அதுதானே. தலைப்பில் இருக்கிற பாபா நம் ஊர்ச் சாமியார் மெஹர் பாபா. பாட்டை எழுதிய பீட் டவுன்ஷெண்ட் அவருடைய பக்தர். பாதிப் பெயர் அவருக்கு, மீதிப் பெயர் டெர்ரி ரைலி என்ற அமெரிக்க இசையமைப்பாளருக்கு. இதே தி ஹூ 1970 பிப்ரவரி 14 அன்று உங்கள் லீட்ஸ் பல்கலைக்கழகத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வாசித்ததுதான் 'லைவ் அட் லீட்ஸ்' ஆல்பம். அந்த ஊரிலேயே இருந்துகொண்டு நீ இன்னும் அந்தக் கூடத்தை எட்டிப் பார்க்கவில்லை. என்ன பெண்ணடி நீ.

அடுத்தது தப்பாகக் காதில் விழுந்த வரிகள். இதற்கு உன் அப்பாதான் அத்தாரிட்டி. க்ரீடென்ஸ் க்ளியர்வாட்டர் ரிவைவல் என்ற குழுவின் 'பேட் மூன் ரைசிங்' பாட்டில், கெட்ட நிலா ஒன்று எழுகிறது ('பேட் மூன் ஆன் த ரைஸ்') என்று வருகிற இடத்தில், வலது பக்கம் பாத்ரூம் இருக்கிறது ('பாத்ரூம் ஆன் த ரைட்') என்றுதான் பாடுகிறார்கள் என்று கல்யாணமான புதிதிலிருந்து சாதிக்கிறார். கடைசியில் அப்பாதான் ஜெயித்தார். உலகமே அப்படிக் கேட்கிறது என்று தெரிந்து, அதைப் பாடிய ஜான் ஃபோகர்ட்டியே மேடையில் சில சமயம் வேண்டுமென்றே பாத்ரூம் என்று பாட ஆரம்பித்துவிட்டார். பெரிய பாடகர் பாப் டிலனுக்கே காது ஏமாற்றியிருக்கிறது. பீட்டில்ஸ் 'மறைக்க முடியவில்லை' ('ஐ காண்ட் ஹைட்') என்று பாடியது அவருக்குப் போதையேறுகிறது ('ஐ கெட் ஹை') என்று கேட்டிருக்கிறது. 1964-இல் நியூயார்க் ஹோட்டலில் அவர்களைச் சந்தித்தபோது, இவர்கள் கஞ்சாவெல்லாம் பழகினவர்கள் என்றே நினைத்துக்கொண்டு போனாராம்.

ஆனால் இந்த வகையில் ராஜா 'லூயி லூயி'தான். ரிச்சர்ட் பெர்ரி ஐம்பதுகளில் எழுதியது. ஜமைக்காவில் இருக்கிற காதலியைப் பார்க்கப் போகவேண்டும் என்று ஒரு மாலுமி மதுக்கடைக்காரனிடம் சொல்கிறான், அவ்வளவுதான் கதை. 1963-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் தி கிங்ஸ்மென் என்ற பையன்கள் அதைப் பதிவு செய்தார்கள். மைக் உயரத்தில் தொங்கியது. பாடிய ஜாக் ஈலி தலையை அண்ணாந்து கத்தவேண்டியிருந்தது, பல்லில் வேறு கம்பி. ஒரு வார்த்தை புரியவில்லை. புரியாததால் ஆபாசமாகத்தான் இருக்கும் என்று கேட்டவர்கள் முடிவு கட்டினார்கள்! பாட்டைக் கேட்ட பிள்ளைகள் தாங்களே அசிங்கமான வரிகளை எழுதி, இதுதான் பாட்டு என்று தாள் தாளாகக் கைமாற்றினார்கள். ஒரு பெற்றோர் அப்போது அட்டர்னி ஜெனரலாக இருந்த ராபர்ட் கென்னடிக்கே புகார்க் கடிதம் எழுதினார். அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. தட்டை வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டிக் கேட்டு, எந்த வேகத்திலும் புரியவில்லை என்று கோப்பை மூடியது. பிள்ளைகள் கேட்கிற பாட்டைப் பற்றிப் பெற்றவர்கள் எழுதிய கடிதங்களில் அதற்குத்தான் முதல் பரிசு. இதற்கு இரண்டாவது கொடு.

எங்கள் கதையும் கிட்டத்தட்ட அதுதான். பெரம்பூரில் எங்கள் தெருவில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய. கிறிஸ்துமஸ் வந்தால் ஒரு வீட்டில் ஜிம் ரீவ்ஸ் பாட்டு, அடுத்த வீட்டில் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் பாட்டு. பாட்டு வரிகளின் தாள் யாரிடம் இருந்தது? காதில் விழுந்ததை எழுதி, நானும் சித்தியும் எது சரி என்று அடித்துக்கொள்வோம். அதனால் எங்கல்பர்ட்டை விட்டுவிடாதே. 1967-இல் 'ரிலீஸ் மீ' பாடி, பீட்டில்ஸின் 'பென்னி லேன்' தட்டைப் பிரிட்டனில் முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்தவர் எந்த ஊரில் பிறந்தார் என்று கேள். லெஸ்டர் என்பார்கள். வளர்ந்ததுதான் அங்கே. பிறந்தது 1936-இல், நம் மெட்ராஸில்.

'எவ்ரி பிரெத் யூ டேக்' பாட்டைக் காதல் பாட்டென்று கல்யாணத்தில் போடுகிறார்கள். மெட்டில்லாமல் வாசித்தால் பின்னாலேயே வந்து வேவு பார்க்கிற ஆளின் பேச்சு அது என்பது சட்டென்று தெரிந்துவிடும். 'யெஸ்டர்டே'வை வேறு விதமாகக் கேள்: வரி கிடைக்கும்வரை மெட்டு மறக்காமலிருக்க முட்டைப் பொரியலைப் பற்றிப் பாடிவைத்த பாட்டு எது?

சரி, இனி உனக்கு ஒன்று. 1971-இல் வந்த பாட்டு. எட்டு நிமிஷத்துக்கும் மேல், அதனால் சிங்கிள் தட்டில் இரண்டு பக்கமாகப் பிரித்துப் போட்டார்கள். 1959 பிப்ரவரி 3 அன்று நடந்த விமான விபத்தில் ஆரம்பிக்கிறது. எழுதியவரிடம் இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், இனிமேல் நான் வேலைக்குப் போகவேண்டியதில்லை என்று அர்த்தம் என்பாராம். கையெழுத்துப் பிரதி 2015-இல் 12 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

போனில் தேடாதே, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது சொல். அப்பாவிடமும் கேட்காதே. அவர் ஏற்கெனவே தப்பாகச் சொல்லிவிட்டு, தான் சொன்னதுதான் சரி என்று உட்கார்ந்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா