கடலில் இறங்காத சித்திக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்திக்கு,

தம்பி குடும்பத்தோடு, பசிபிக் கடலில் ஈக்வடார் நாட்டைச் சேர்ந்த கலாபகஸ் தீவுகளுக்குப் போவதாகச் சொன்னீர்கள். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. ஆனால், "அவங்க கடல்ல நீந்தட்டும், நான் ரூம்லயே இருந்துக்கறேன்" என்று கூடவே சொன்னதுதான் மனதை உறுத்துகிறது. அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிற வேறு சிலரும் இதையே கேட்பதால், எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

ரூமில் உட்காராதீர்கள். அந்தத் தீவுகளில் ஒன்றான சாந்தா குரூஸில் என்னை அசரவைத்தவை ராட்சத நில ஆமைகளும் குகைகளும். இரண்டுமே கடலில் இல்லை, தீவின் நடுவே மேட்டு நிலத்தில் இருக்கின்றன. புவேர்ட்டோ அயோரா ஊரில் வெள்ளை நிற பிக்கப் வண்டிகள்தான் டாக்ஸி. ஒன்றைப் பேசிக்கொண்டு மேலே பெல்யாவிஸ்தா பக்கம் போங்கள். கீழே கள்ளிச்செடியும் வெயிலுமாக இருக்கும். ஏற ஏற எல்லாம் பச்சையாகிவிடும். ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே சாரல் நிற்பதே இல்லை.

முதலில் குகைக்குப் போங்கள். எரிமலைக் குழம்பு சரிவில் ஓடும்போது அதன் மேல்பகுதி காற்றுபட்டு ஆறிக் கல்லாகிவிடும். உள்ளே இருப்பது சூடு குறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் குழம்பு வருவது நின்று, உள்ளே இருந்ததும் வழிந்து போனபின் மேல்கூடு மட்டும் மிஞ்சும். அப்படி உண்டான சுரங்கத்துக்குள்தான் நடப்பீர்கள். சுவரைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நீளநீளமாகப் படுக்கைக் கோடுகள் ஓடும். குழம்பின் மட்டம் இறங்க இறங்க ஒவ்வொரு உயரத்திலும் விட்டுப்போன தடம் அது. சில இடங்களில் கூரை நம் வீட்டு மாடியைவிட உயரம். ஒன்றிரண்டு குகைகளில் தவழ்ந்து போக வேண்டிய இடமும் உண்டு. உங்கள் முட்டிக்கு அது சரிவராது, டிரைவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். தரை ஈரமாக இருக்கும், நல்ல பிடிப்புள்ள ஷூ வேண்டும்.

அப்புறம் ஆமைகள். பக்கத்துப் பண்ணைகளிலேயே மேய்ந்துகொண்டிருக்கும். வேலி போட்டு வளர்ப்பவை அல்ல. கீழே காய்ந்து கிடக்கும் மாதங்களில் மேட்டு நிலத்தில் தங்கி, மழைக்காலத்தில் புதுப்புல் தேடிக் கீழே இறங்குகிற காட்டு ஆமைகள். பெரிய ஆண் ஆமை 250 கிலோவையும் தாண்டும். நான் பார்த்த ஒன்று சேற்றுக்குட்டையிலிருந்து எழுந்து வந்து, உதிர்ந்து கிடந்த கொய்யாப் பழத்தை நிதானமாக மென்றது. சாறு தாடையில் வழிந்தது. எங்களில் ஒருவர் அசைந்ததும் தலையை உள்ளே இழுத்து "புஸ்ஸ்" என்றது. சீறுவதாகத் தோன்றும், ஆனால் தலை உள்ளே போகும்போது நுரையீரல் காற்று வெளியேறுகிற சத்தம்தான் அது. இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பேரப்பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

அந்தக் கொய்யா தீவின் மரமல்ல, குடியேறியவர்கள் கொண்டுவந்தது. இப்போது காடாகப் பரவிவிட்டது. ஆமையே பழத்தைத் தின்று விதையைப் பரப்புகிறது. மேலே, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கலேசியா செடிகள் 15 மீட்டர் வரை மரமாக வளர்ந்து நிற்கிற காட்டையும் பார்ப்பீர்கள். வெளியிலிருந்து வந்த பிளாக்பெர்ரி முட்புதர் அதையும் நெரிக்கிறது. அதனால்தான் தீவுக்குப் போகும்போது பையைச் சோதிக்கிறார்கள், முகம் சுளிக்காதீர்கள். கறிவேப்பிலை, பழம், விதை எதையும் எடுத்துப் போகாதீர்கள், ப்ளீஸ்.

ஊருக்குத் திரும்பியதும் சார்லஸ் டார்வின் ஆய்வு நிலையத்துக்குப் போய் 'லோன்சம் ஜார்ஜ்' ஆமையைப் பாருங்கள். கலாபகஸிலேயே உள்ள பின்டா தீவின் ஆமைகளை மாலுமிகள் தின்று தீர்த்தார்கள், மனிதர்கள் கொண்டுவந்து விட்ட ஆடுகள் அங்கிருந்த செடிகொடிகளை மேய்ந்தன. 1971-இல் கிடைத்த ஜார்ஜ்தான் அந்த இனத்தின் கடைசி ஆமை. 2012 ஜூனில் இறந்தது. பதப்படுத்திய உடலைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டவர் ஃபாஸ்டோ யெரேனா என்ற கலாபகஸ் தேசியப் பூங்கா ஊழியர். சாந்தா குரூஸின் கிழக்குப் பக்க ஆமைகள் தனி இனம் என்று 2015-இல் தெரிந்தபோது, விஞ்ஞானிகள் அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். இந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கலாபகஸின் இன்னொரு தீவான எஸ்பன்யோலாவின் ஆமைகள் ஒரு காலத்தில் 15-தான் மிஞ்சியிருந்தன. அவற்றை வைத்தே இனப்பெருக்கம் செய்து, குஞ்சுகளை வளர்த்துத் தீவில் விட்டு, இன்று ஏறக்குறைய 2000 ஆகிவிட்டன. மனிதர்கள் கெடுத்ததை மனிதர்களே சரிசெய்ய முடியும் என்று அங்கே கண்ணெதிரே தெரிகிறது.

தம்பியிடம் ஒரு முழுநாளை இதற்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள், அரைநாள் போதாது. 2024 ஆகஸ்டிலிருந்து வெளிநாட்டவருக்குப் பூங்கா நுழைவுக் கட்டணம் 200 டாலர் ஆகிவிட்டது. அவ்வளவு கொடுத்துவிட்டு ரூமில் உட்காருவதா, சித்தி?

அன்புடன்,
உங்கள் அக்கா மகன்